காற்றுக் குழாய் வழியே

அக்டோபர் 19
என் கணவர் ரெய்னோ இதய அறுவை சிகிச்சை முடிந்து வீடு வந்து நான்கு நாளாகிறது. படி இறங்கக்கூடாது, விறகு தூக்கக்கூடாது. நிலவறையில் இருக்கும் விறகு உலையை முப்பத்தொரு வருடமாக அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. மகள் லோரெய்ன் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் நீ ஓட்டிப் பாரும்மா. முடியலேன்னா வீட்டை வித்துட்டு எங்ககூட வந்துருங்க."

இந்த வீட்டை விட்டு நான் போகமாட்டேன்.

அக்டோபர் 20
பற்றவைத்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. திடீரென்று, சூடான காற்றை மேலே தள்ளும் விசிறி தானாக ஓடியது! உலையின் மேல்தகடு போதிய அளவு சூடானால்தான் ஓடுமாம். இத்தனை வருடம் குளிர்காய்ந்திருக்கிறேன், இது தெரியாது.

இன்னொரு அதிசயம். உலையிலிருந்து அறைகளுக்குப் போகும் குழாய் வழியே வெப்பம் மட்டுமல்ல, பேச்சும் போகிறது. சமையலறைத் தரையில் இருக்கும் காற்றுத் துளையில் குனிந்து ரெய்னோ கத்துகிறார்: "என்ன, அங்கேயே தூங்கிட்டியா?"

நவம்பர் 5
அவர் சட்டம்: பெரிய கட்டைகளாகத் திணி, உலையின் காற்றுக்கதவை இறுக மூடு, விறகு நாள் முழுக்க வரும். அப்படியே செய்கிறேன். ஆனால் மூடினால் புகைபோக்கியில் மஞ்சளாகக் கெட்டிப் புகை, திறந்தால் புகையே இல்லை. ஏன்?

பனி தள்ள வந்த பக்கத்து வீட்டு டாலி காங்கஸ் அண்ணாந்து பார்த்தாள். "உன் புகைபோக்கிக்கு நிமோனியாவா?"

நவம்பர் 18
அவரிடம் சொல்லாமல் மாற்றிப் பார்க்கிறேன். கட்டையைச் சின்னதாகப் பிளந்து, காற்றைத் திறந்துவிட்டு, கொழுந்துவிட்டு எரிய விடுகிறேன். நாலு தடவை இறங்க வேண்டியிருக்கிறது. வீடு கதகதப்பாகத்தான் இருக்கிறது.

துளையிலிருந்து கத்தல்: "விறகை வாரி இறைக்கிறியா? எங்கப்பா காலத்துலேருந்து மூடித்தான் எரிச்சோம்!"

"உங்கப்பா வீடு எரிஞ்சு போச்சே, ரெய்னோ!"

ஐயோ, ஏன் சொன்னேன்? அந்த வீடு எரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. கெட்ட நேரம் என்றுதான் ஊரே சொன்னது.

நவம்பர் 19
காலைக் காப்பியை எனக்குக் காத்திராமல் அவரே போட்டுக் குடித்துவிட்டார்.

டிசம்பர் 2
உலையை அணைத்துவிட்டு டாலி கூரையேறிப் புகைபோக்கிக்குள் தூரிகை விட்டாள். கண்ணாடி மாதிரி மின்னும் கரிச்செதில் இரண்டு வாளி. காற்றை மூடி எரித்த புகையெல்லாம் தாராக ஒட்டி இறுகியிருக்கிறது. "இதுல ஒரு பொறி விழுந்திருந்தா, அவ்வளவுதான்" என்றாள்.

ஒரு வாளியை அவர் முன்னால் வைத்தேன். ஒரு செதிலை எடுத்து விரலால் நொறுக்கினார்.

"அப்பா வீட்டுலயும் இதுதானா?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 22
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. லோரெய்ன் வந்திருக்கிறாள். விறகு போட இறங்கினேன். விசிறி நின்றிருந்தது, மேலே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"என்னப்பா முடிவு?"

"வீட்டை எதுக்கு விக்கணும்? உங்கம்மா எரிக்கிற மாதிரி நான் ஒருநாளும் எரிச்சதில்ல. அவகிட்ட சொல்லித் தொலைக்காதே."

கையில் கட்டையோடு நின்றேன். குழாயில் வாயை வைத்து "கேட்டுடுச்சு!" என்று கத்த ஆசை. கத்தவில்லை.

ஜூலை 8
புழுக்கம். நெருப்பில்லாமல், சுவிட்சைத் தட்டி விசிறியை மட்டும் ஓட்டினேன். நிலவறைக் குளிர்ச்சி மேலே வருகிறது, கால்களுக்கு இதம். ரெய்னோ இப்போது படி இறங்கலாம். கீழே போனவர் அடுத்த குளிர்காலத்து விறகைக் கோடரியால் பிளக்கும் சத்தம். பிறகு குழாய் வழியே குரல்:

"இந்த அளவு போதுமா? இல்ல, இன்னும் சின்னதாவா?"

துளைப் பக்கம் குனிந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சின்னதா."