அந்த ஒரு டிக்

ஜூலை 2, புதன்

ஹெலினா இன்றும் போனை எடுக்கவில்லை. ‘கிளாஸ்ல இருக்கேன்மா’ என்று ஒரு மெசேஜ். நாலு நாளாக இதே மெசேஜ்தான். நான் கூப்பிடுவது நமக்குப் பத்தரை மணிக்கு, ஆஸ்திரியாவில் அப்போது காலை ஏழு. காலை ஏழு மணிக்கு யார் பாட்டு கிளாஸ் வைப்பார்கள்? இந்தப் பொய்யையாவது கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லக் கூடாதா?

ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போய் மூன்றாவது வாரம் நடக்கிறது. முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் பேசினாள். மலை, ரொட்டி, ரூமில் கூட இருக்கும் கொரியாக்காரப் பெண் என்று எல்லாவற்றையும் காட்டினாள். கடைசி நாள் கச்சேரியில் தனிப்பாட்டு தந்திருக்கிறார்கள் என்றாள், சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது என்ன ஆயிற்று?

ஜூலை 5, சனி

சாயங்காலம் சர்ச்சில் கொயர் பிராக்டிஸ். முடிந்து செருப்பு மாட்டும்போது கொயர் மாஸ்டர் தேவராஜ் அண்ணன் சாதாரணமாகத்தான் கேட்டார். “ஹெலினா சமாளிக்கிறாளாம்மா? அங்க எல்லாம் ஸ்டாஃப் நோட்டேஷன்தானே. சோல்ஃபாவ எவன் பாக்கப் போறான்?”

“நல்லா பண்றாண்ணே” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீடு வரும்வரை அதே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

ஜனவரியில் அந்தப் பயிற்சிக்கான ஃபாரத்தை நிரப்பும்போது நான்தான் ஹெலினா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ‘நோட் வாசிக்கத் தெரியுமா’ என்று ஒரு கேள்வி வந்தது. அவள் கை நின்றது. “அம்மா, இது...” என்று இழுத்தாள். எனக்குத்தான் எப்போதும் அவசரம். “இது ஒரு கேள்வியா? எட்டு வயசுலேர்ந்து நோட் பாத்துதானே பாடுற?” என்று சொல்லி மௌஸைப் பிடுங்கி நானே டிக் போட்டேன்.

எங்கள் சர்ச்சில் நோட் என்றால் சோல்ஃபாதான். டோ, ரே, மீ என்று எழுத்தில் இருக்கும். முப்பது வருஷமாகப் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறேன், அதைத் தவிர வேறு எதையும் பார்த்துப் பாடியதில்லை. அண்ணன் சொன்ன ஸ்டாஃப் நோட்டேஷன், ஐந்து கோடு போட்டு அதன் மேல் புள்ளி புள்ளியாக வைப்பது, கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஹெலினாவுக்கும் அது எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். மற்றதெல்லாம் ரெக்கார்டிங் கேட்டு மனப்பாடம்.

கண்டுபிடித்துவிட்டார்கள். அதனால்தான் பேச மாட்டேன் என்கிறாள். பொய் சொல்லி வந்தவள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா? பாஸ்போர்ட்டில் ஏதாவது முத்திரை குத்துவார்களா? பொய் சொன்னது அவள் இல்லை, நான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனையில் வாயை மட்டும் அசைத்தேன். சத்தம் வரவில்லை.

ஜூலை 9, புதன்

இவருக்கு ஃபேக்டரியில் என்.ஓ.சி. கிடைத்துவிட்டது. டிபென்ஸ் வேலை என்பதால் அது இல்லாமல் நாட்டை விட்டு நகர முடியாது. கடைசி நாள் கச்சேரிக்குப் பெற்றோரை அழைத்திருக்கிறார்களே, போக முடியாமல் போய்விடுமோ என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தார். இன்று ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். நானோ அது வராமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். என்ன பெண் நான்?

பக்கத்து குவார்ட்டர்ஸ் லோகநாயகி ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். “இன்னா ஞானம், ஃபாரின் போறவ மூஞ்சியா இது? ஜுரம் வந்த மாரி கீற?”

“லக்கேஜ் கவலைடி” என்றேன். இன்னொரு பொய்.

ஜூலை 12, சனி

வீடியோவில் வந்தாள். கண் வீங்கியிருந்தது. தூங்கவில்லையாம். தனிப்பாட்டு எப்படிப் போகிறது என்று இவர் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு, “அம்மா, நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணுமா?” என்றாள்.

டிக்கெட் எடுத்தாச்சுடி என்று இவர் சிரித்தார். பெற்ற பிள்ளை வராதே என்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய். விமான நிலையம்

காரிலேயே இவரிடம் சொல்லிவிட்டேன். குமணன்சாவடியில் லாரிகளுக்கு நடுவே கார் நின்றுபோனது. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. டிக் போட்ட கதையை முழுதாகச் சொன்னேன்.

இவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “எங்க ஷாப்புல டிராயிங் வாசிக்கத் தெரியாதவன் தெரியும்னு சொல்லி மெஷின்ல நின்னா, கை போயிரும் ஞானம்” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இமிகிரேஷனில் அந்த அதிகாரி என் முகத்தைப் பார்த்தபோது, எல்லாம் தெரிந்துதான் பார்க்கிறார் என்றே நினைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

ஸ்டேஷனுக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இளைத்திருக்கிறாள். தொண்டைக்கு ஒன்றுமில்லை, குரல் இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஊரெல்லாம் பெற்றோர்கள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பிரேசில் அம்மா, “உங்கள் மகளுக்கு என்ன வேஷம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். சிரித்து வைத்தேன். ரிகர்சல் பார்க்க வரட்டுமா என்று ஹெலினாவிடம் கேட்டால், “வேணாம்மா, அலவ் பண்ண மாட்டாங்க” என்கிறாள். பிரேசில் அம்மா இன்று காலைதான் பார்த்துவிட்டு வந்தார்.

நாளை போய்ச் சொல்லிவிடப் போகிறேன். இவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார், இரண்டே வரி. டிக் போட்டது நான், என் மகள் இல்லை. இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

விடிந்ததுமே பாட்டுப் பள்ளிக்குப் போனோம். ஆள் நடமாட்டம் இல்லை. பயிற்சியை நடத்துகிற அம்மாள் மட்டும் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். எல்லாரும் அவரை அன்னா என்கிறார்கள். இரண்டு வரியில் ஒரு வரியைத்தான் சொன்னேன், அழுகை வந்துவிட்டது. மீதியை இவர் சொன்னார்.

அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மணியைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடையின் கோடிக்குப் போய் ஒரு கதவைத் திறந்தார்.

உள்ளே கரும்பலகை. அதில் ஐந்து கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர், அவர்களுக்கு நடுவில் என் ஹெலினா. கையைத் தட்டித் தட்டி, தப்பும் தவறுமாக வாசித்துக்கொண்டிருந்தாள். சுவரில் மணி ஏழு பத்து.

காலை ஏழு மணிக்கு கிளாஸ். அவள் பொய்யே சொல்லவில்லை.

அன்னாதான் விளக்கினார். இரண்டாவது வாரம் புதுப் பாட்டைக் கொடுத்துப் பார்த்துப் பாடச் சொன்னபோது அவளாகவே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். தனிப்பாட்டை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இவளைக் கோரஸில் நிறுத்தி, காலையில் இந்த வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“எப்படிம்மா சொல்றது? தனிப்பாட்டுன்னு சர்ச் முழுக்கச் சொல்லிட்ட. அது போச்சுன்னு சொன்னா, ‘நான்தானே டிக் போட்டேன்’னு நீ சாப்பிடாம கிடப்ப.”

என்னைப் பார்த்து அவளும், அவளைப் பார்த்து நானும் இத்தனை நாள் பயந்து செத்திருக்கிறோம். “நான் போட்டது தப்புதான்டி, மன்னிச்சுக்கோ” என்றேன். நடுவழியில் நின்று இருவரும் அழுதோம். இவர் திரும்பி நின்று நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். அது முழுக்க ஜெர்மன்.

ஜூலை 27, ஞாயிறு

கச்சேரி. கோரஸில் இரண்டாவது வரிசை, இடமிருந்து நாலாவது ஆள். எல்லார் கையிலும் கறுப்பு அட்டைப் புத்தகம், உள்ளே அந்த ஐந்து கோடு. மேடையில் யார் யாரோ பாடினார்கள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் பக்கம் திருப்பியபோது அவளும் திருப்பினாள். யாரையும் பார்க்காமல் திருப்பினாள்.

ஆகஸ்ட் 9, சனி

பிராக்டிஸில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். தனிப்பாட்டு இல்லை, கோரஸ்தான், காரணம் நான்தான் என்று. தேவராஜ் அண்ணன் சாக்பீஸை எடுத்து போர்டில் ஐந்து கோடு போட்டார். “யாருக்கெல்லாம் வேணுமோ உக்காருங்க” என்றார். ஆல்டோவில் நான் ஒருத்திதான் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாப் புள்ளியும் ஒன்று போலவே தெரிகிறது.

நவம்பர் 15, சனி

அடுத்த வருஷத்துக்கான ஃபாரம் வந்துவிட்டது. ஹெலினா காலையிலேயே நிரப்ப உட்கார்ந்தாள். நான் சமையலறையை விட்டு வரவே இல்லை. அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சபதம்.

“அம்மா, இங்க வா” என்றாள். ஈரக் கையோடு போனேன். எல்லாம் நிரப்பியிருந்தது, அந்த ஒரு கேள்வியைத் தவிர. மௌஸை என் பக்கம் தள்ளினாள்.

“போடு.”

“நெஜமாவே தெரியுமாடி?”

அலமாரியிலிருந்து நான் பார்த்தே இராத ஒரு ஐந்து கோட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நடுவில் ஒரு பக்கத்தை என்னையே பிரிக்கச் சொன்னாள். பிரித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிற்காமல் பாடினாள்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். போட்டேன்.