முறைக்கும் கண்

மார்ச் 4

இன்றும் என் வீட்டுக்காரர் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். "யாராவது வந்தா போட்டுக்கோ" என்று மேசையில் வைத்துவிட்டு டிவியைப் போட்டார். அவர் மட்டும் இருந்தால் தேவையில்லையாம். அவர்தான் என் முகத்தைப் பார்ப்பதே இல்லையே.

இடது கண் சிவந்து சீழ் வைத்து நான் காய்ச்சலில் கிடந்தபோது, "கண்ணு வலிதானே, சொட்டு மருந்து விடு. ஆபீஸ்ல ஆடிட் முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்ற மனுஷன். ஆடிட் முடிந்தது. கண்ணும் முடிந்தது. எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 9

செயற்கைக் கண்ணுக்கு அளவு. குழிக்குள் பசையை விட்டு அச்செடுத்தார்கள். கருவிழியை மெஷினே படம் பார்த்து அச்சடித்துவிடுமாம். டெக்னீஷியன் என் வலது கண்ணைப் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினார். இவர் குறுக்கே புகுந்து எங்கள் கல்யாணப் போட்டோவை நீட்டினார். "இதுல இருக்கிற மாதிரியே பண்ணிடுங்க."

என்னை ஒரு வார்த்தை கேட்கலாமே? நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 12

அச்சடித்த கண்ணைப் பொருத்திவிட்டார்கள். ஒரு கண்ணுக்கு இருபத்து மூன்று வயது. இன்னொன்றுக்கு நாற்பத்தாறு.

மார்ச் 13

பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பசங்க பயந்துருவாங்க மேடம். நல்லா அமையற வரைக்கும் லீவுல இருங்களேன்."

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ராடார். கரும்பலகையில் கணக்குப் போட்டபடியே கடைசி பெஞ்சில் நடப்பதைச் சொல்லிவிடுவேன். ராடாருக்கே இப்போது லீவு.

இந்த அச்சடித்த கண் எதுவுமே நடக்காத மாதிரி பளிச்சென்று இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். இவருக்கு வேண்டியதும் அதுதானே – ஒன்றும் நடக்கவில்லை என்று என் முகமே சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாது. இதை இனிமே போட மாட்டேன், என்ன ஆனாலும் சரி.

மார்ச் 20

கையால் கண் வரைகிறவர் ஒருவர் இருப்பதாக நர்ஸ் சொன்னார். கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை. இழுப்பறை நிறையக் கண்கள்.

"முன்னாடி ஆளுங்களைப் படமா வரைஞ்சேன். எல்லாரும் மூக்கைச் சின்னதாக்கச் சொன்னாங்க. விட்டுட்டேன்" என்றார். இவர் நீட்டிய போட்டோவை அவர் தொடவில்லை. "இருக்கிற கண்ணைப் பாத்துதான் வரைவேன். நீங்க வெளிய இருங்க சார்."

ஜன்னலோரம் உட்காரவைத்து, "என்னைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அவரையும் பிடிக்கவில்லை.

மார்ச் 21

காலையில் மறுபடி சண்டை. "எனக்காகவாவது கொஞ்சம் சிரிச்ச முகமா இரேன்"னு சொல்றார். எதுக்குச் சிரிக்கணும்? எதைப் பாத்துச் சிரிக்கணும்? வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன்.

கண் வரைகிறவர் வண்ணத்தைப் பூசிக் காயவைத்து, அதன்மேல் பூசினார். பிறகு சிவப்புப் பட்டு நூலை இழை இழையாகப் பிரித்து, இடுக்கியால் எடுத்து வெள்ளைவிழியில் ஒட்டினார். அவைதான் நரம்புகள். என் கண்ணைப் பார்ப்பார், ஓர் இழை எடுப்பார். மறுபடி பார்ப்பார், இன்னொன்று எடுப்பார். ஏன் சிவந்திருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

மார்ச் 23

பொருத்தினார். கண்ணாடியில் பார்த்தால் இடது கண் முறைக்கிறது. முந்தாநாள் கோபம் அப்படியே நிற்கிறது.

"சிவந்திருக்கிறப்ப வரையக் கூடாதுன்னு தெரியாதாய்யா உனக்கு?" என்று இவர் கத்தினார்.

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "வந்த ரெண்டு நாளும் இப்படித்தான் இருந்துச்சு சார். அவங்க கண்ணே அப்படித்தான்னு நெனச்சேன். நூலைக் குறைச்சு வேற செஞ்சு தரேன்."

"செய்ங்க" என்றார் இவர்.

"வேண்டாம்" என்றேன். அப்போதுதான் இவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

ஏப்ரல் 3

வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். தலைமையாசிரியை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது உங்க கண்ணு மாதிரியே இருக்கு" என்று டைம்டேபிளைக் கொடுத்தார். இடப்பக்க வரிசையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்தப் பக்கம் எனக்குச் சுவரே தெரியாது என்பதை நான் ஏன் சொல்லப் போகிறேன்?

சாப்பிடும்போது இவர் நாற்காலியை என் வலப்பக்கம் நகர்த்திப் போட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தபடி தலைகுனிந்தே கேட்டார்: "வீட்லயாவது அதைக் கழட்டி வைக்கலாம்ல?"

"ஆடிட் முடியட்டும், கழட்டறேன்" என்றேன்.