அறுபத்தோராம் கறவை

திங்கள், காலை 10.20

பால் சங்கத்து ஆட்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்: இன்று காலை மாடுகளுக்கான சுழல் பிரஷ்ஷில் நான் முதுகு சொறிந்துகொண்டேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஆள் இல்லாத கொட்டகை இது. ஐம்பத்து மூன்று வயதில் கை எட்டாத இடம் ஒன்று முதுகில் உருவாகிறது. பிரஷ் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றினேன். சுகமோ சுகம்.

மற்றபடி வழக்கமான மாதச் சோதனை. உள்ளே வெப்பம் 24, வெளியே 46. கறவைகள் அறுபது, அத்தனையும் அசை போடுகின்றன. சாண எரிவாயு போதுமான அளவு இருக்கிறது. முளைத்தீவனத் தட்டுகள் சிலவற்றில் பூஞ்சை, எடுத்துப் போட்டாயிற்று.

பதிவு: டாக்டர் கிருபாகரன், கால்நடை மருத்துவர். வரும் ஞாயிறு முதல் கல்யாணம் ஆனவன்.

திங்கள், பகல் 1.05

சிக்கல். ஆட்கள் போய்வரும் மனிதர் வாசல் திறக்கவில்லை.

கொட்டகையை நடத்துவது கண்காணி என்கிற இயந்திரம். தீவனம், கறவை, குளிர்காற்று எல்லாம் அதன் பொறுப்பு. பிரஷ் முன்னால் வந்து நிற்பது எதுவானாலும் அதற்கு மாடு. பட்டியலில் இல்லாத மாடு என்றால் புதிய மாடு. திரையில் இப்படி வந்திருக்கிறது: "எண் 61. எடை 84 கிலோ. மிக மெலிவு. மடி காணப்படவில்லை."

மெலிவு என்று என்னைச் சொன்ன முதல் ஜீவன் இதுதான். தொப்பையைத் தடவிக்கொண்டு மகிழ்ந்தது உண்மை. பிறகுதான் உறைத்தது. மாடு பக்கத்தில் வந்தால் மனிதர் வாசல் தானே பூட்டிக்கொள்ளும். நான் எத்தனை தடவை போய் நின்றாலும் ஒரு மாடுதான் வந்து நிற்கிறது.

வெளியிலிருந்து யாராவது வந்து திறக்கலாம். ஆனால் நண்பகலில் பக்கத்து ஊரில் கோமாரி நோய் என்று அறிவித்துவிட்டார்கள். கொட்டகையைச் சுற்றியிருக்கும் கம்பி வேலியைத் தாண்டி இனி எவரும் வரக்கூடாது.

செவ்வாய், காலை 9.15

கண்காணியை விற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை. பேசிய பெண் பெயர் ஆதிரா. அவள் சொன்னது, அப்படியே:

"சார், உங்க பிரச்சினை புரியுது சார். ஆனா ஒரு மாட்ட பட்டியல்லேர்ந்து எடுக்கணும்னா இறப்புச் சான்று வேணும் சார். இல்லன்னா எல்லாரும் மாட்ட மாத்தி வச்சு இன்சூரன்ஸ் வாங்கிடுவாங்க."

இறப்புச் சான்றில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

"உங்க கொட்டகை டாக்டர் சார். பேரு... கிருபாகரன்னு இருக்கு. அவர் நம்பர் தரட்டுமா சார்?"

என் சாவுக்கு நானே சான்று தரத் தயார் என்றேன். போட்டும் பார்த்தேன். கண்காணி வாங்கிக்கொள்ளவில்லை. கால்நடைகள் கையெழுத்திட முடியாதாம்.

ஆதிரா புகார் பதிந்திருக்கிறாள். ஏழு வேலை நாள் ஆகுமாம். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை என்றேன். "வாழ்த்துகள் சார்" என்றாள்.

செவ்வாய், மாலை 4.40

வாசல் அப்படியேதான். பசி. பால் கறக்காத மாட்டுக்கு அடர்தீவனம் கிடையாது. முளைவிட்ட மக்காச்சோளம் மட்டும். மென்று பார்த்தேன், பச்சைத் தண்ணீரைக் கடித்த மாதிரி இருந்தது. கறவைத் தொட்டிக் குழாயில் பால் பிடித்துக் குடித்தேன். அறுபது குடும்பங்களின் பால். மன்னியுங்கள்.

புதன், காலை 6.50

கொட்டகைக்குப் புதிதாக வருபவர்கள் சிரிக்கும் ஒரு பழக்கம் இங்கே உண்டு. மாட்டுக்காரர்கள் தினமும் காலையில் போனில் தங்கள் மாட்டிடம் பேசுவார்கள்; கறவை அறையில் அந்தக் குரல் ஒலிக்கும். வெயிலுக்குப் பயந்து மாட்டை இங்கே கொண்டு வந்து விட்டாயிற்று. இயந்திரம் எவ்வளவு பதமாகக் கறந்தாலும் வீட்டுக் குரல் கேட்காவிட்டால் சில மாடுகள் பாலை இறக்காது.

பதினேழாம் எண் ஜிலேபி யாழினியின் மாடு. யாழினி என்றால் தவிட்டு மில் யாழினி. எனக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண். வயது நாற்பத்தெட்டு. மூட்டையைத் தானே தூக்கி வண்டியில் போடுவாள். இன்று அவள் குரல்:

"ஏ ஜிலேபி, எந்திரிச்சியா சாமி? கால் வலி தேவலையா? இங்க ஊருக்குள்ள ஒரே பேச்சு கண்ணு. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கறப்ப மாப்பிள்ள மாட்டுக் கொட்டாய்க்குள்ள போய்ப் பூந்துக்கிட்டாராமா. மில்லுக்கு வர்றவங்க மூட்டையப் பார்க்காம என் மூஞ்சியப் பார்க்கறாங்க. உனக்கு எதாச்சும் தெரியுமா? பக்கத்துல நிக்கறவரக் கேட்டுச் சொல்லு."

ஜிலேபி என்னைப் பார்த்தது. பால் தாராளமாக இறங்கியது. எனக்கு வியர்த்தது, 24 டிகிரியில்.

"ஜிலேபி சார்பில் சொல்கிறேன், நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன், என்னை நம்பவும்" என்று பதில் அனுப்பினேன். இனிமேல் இந்தப் பதிவு சங்கத்துக்கு அல்ல, அவளுக்கு. ஒருநாள் யாராவது இதை எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். ஓடி ஒளிந்த ஆள் இத்தனை விவரமாக எழுதமாட்டான்.

வியாழன், பகல் 11.30

சங்கத் தலைவர் பாலமுரளி பேசினார். மரியாதையான மனிதர். கழுத்தை அறுப்பதென்றாலும் துண்டு விரித்து உட்காரவைத்துத்தான் அறுப்பார்.

"டாக்டருங்களா, சுகமுங்களா? வேலிய வெட்டி உங்களக் கூட்டியாற நாலு பேரு தயாராத்தான் இருக்கறாங்க. ஆனா ஆளு உள்ள போனா நோயில்லாத கொட்டாய்ங்கற முத்திரை போயிரும். முத்திரை போனா நம்ம பாலை எவன் வாங்குவான் சொல்லுங்க. மாடே இல்லாமத் தொட்டில காய்ச்சற பால் பாதி விலைக்கு வந்து நிக்குது. மாடு தர்ற பாலுன்னு நம்பி வாங்கறதே அந்த முத்திரைக்காகத்தானுங்களே. இருபத்தியொரு நாள் பல்லக் கடிச்சுக்கங்க."

கல்யாணம் என்றேன்.

"கல்யாணம் எங்கீங்க போகுது. முன்ன ஒருக்கா நிச்சயம் பண்ணினப்பக் கூட, பயிற்சின்னு குசராத்துக்குப் போனவரு எட்டு வருசம் கழிச்சுத்தானுங்களே வந்தீங்க. பழக்கந்தானுங்க."

அந்தப் பயிற்சி நீண்டுவிட்டது. அதில் என் தப்பு எதுவும் இல்லை. இங்கே அதை எழுதவேண்டிய அவசியமும் இல்லை.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அறுபது வீட்டில் இருபது வீட்டுக்கு இந்த ஒற்றை மாட்டை விட்டால் வேறு வரும்படி கிடையாது. எல்லோரும் வெயிலில் கருகிய தொழுவத்தைப் பூட்டிவிட்டு, கைப்பேசியில் மாடு மேய்க்கிறார்கள். திறந்தவெளியில் மாடு வைத்திருந்த கடைசி ஆள் போன கோடையில் விட்டுவிட்டார். அப்படிப் பார்த்தால் இந்தப் பக்கத்தில் நிழலில் இருப்பது மாடுகளும் நானும்தான்.

வெள்ளி, காலை 8.10

தீவன வரிசையில் தலையை நீட்டினேன். கம்பி கழுத்தைப் பூட்டிக்கொண்டது. சினைச் சோதனை நாள் என்பதை மறந்துவிட்டேன். இயந்திரக் கை வந்தது. விவரிக்க மாட்டேன்.

முடிவு திரையில்: "எண் 61. சினை இல்லை. சினை ஊசிக்குப் பரிந்துரை." அந்த ஊசியை உறைகலத்திலிருந்து எடுத்துப் போட வேண்டியவன் நான்தான் என்பதால் பிழைத்தேன்.

கம்பி விட மாட்டேன் என்கிறது. இடப்பக்கம் ஜிலேபி, வலப்பக்கம் இன்னொன்று. ஒரே வரிசையில் அறுபத்தொரு கழுத்து. அவை கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து நானும் கத்தவில்லை.

வெள்ளி, மாலை 5.00

கழுத்தில் சிவப்புக் கோடு. கம்பி எப்போது விட்டது என்று தெரியவில்லை. திறந்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

புதிய அறிவிப்பு: "எண் 61. பால் இல்லை. சினை இல்லை. வயது கூடுதல். கழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நோய்த்தடை நீங்கிய முதல் நாள் இறைச்சி வண்டி வரும்."

இந்த மூன்று வரியைத்தான் என் அக்கா இருபது வருடமாக வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அக்கா வண்டி அனுப்பவில்லை.

சிரிப்பு வரவில்லை. வேடிக்கை என்று எழுதிய பிறகுதான் அது தெரிந்தது.

சனி, காலை 6.45

யாழினி, ஜிலேபியிடம்:

"கண்ணு, நேத்து சமையக்காரர் வந்தாரு. இலை எத்தனன்னு கேட்டாரு. மாப்பிள்ள வருவாருங்களான்னு கேக்கத்தான் வந்தாரு, இலைய வச்சுக் கேட்டாரு. நான் முன்னூறுன்னு சொல்லிட்டேன். எனக்கு இந்த வயசுல கல்யாணம் ஒரு குறையாடி? மில்லு இருக்குது, நீ இருக்கற. சாயங்காலம் பேச ஒரு ஆளு வேணும்னு தோணுச்சு. அந்த மனுசன் நல்லாப் பேசறாரு. அதான் மயங்கிட்டேன் போல."

நான் பதில் அனுப்பவில்லை. என்ன எழுதினாலும் நல்லாப் பேசுகிற மாதிரியே வந்தது.

பகல் முழுக்கப் படுத்திருந்தேன். மாடுகள் படுக்கும் ரப்பர் மெத்தை இதமாக இருக்கிறது. குளிர்காற்று. யாரும் எதுவும் கேட்பதில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது. அழிக்கும் பொத்தான் மருத்துவர் கணக்கில்தான் வேலை செய்யும்; நான் இப்போது மாடு.

ஞாயிறு, காலை 7.40

முகூர்த்த நேரம். இன்று அவள் மாட்டைக் கூப்பிடவில்லை.

"டாக்டரே, உங்ககிட்டத்தான் பேசறேன். பட்டுச்சேலை கட்டி வேலிக்கு வெளிய நிக்கறேன். வெயில் இப்பவே சுடுது. ஒரே ஒரு கேள்விங்க. கதவு பூட்டியிருக்குதுங்களா, இல்ல நீங்க பூட்டிக்கிட்டீங்களா? பூட்டிக்கிட்டீங்கன்னா சொல்லிருங்க, கோவிச்சுக்க மாட்டேன். பந்தலப் பிரிச்சுட்டு மில்லுக்குப் போயிருவேன். நாளைக்கு லோடு வருது. நெசமாலுமே பூட்டியிருக்குதுன்னா காத்திருக்கறேன். எத்தன மாசமானாலும்."

நான்: "பூட்டியிருக்குதுங்க யாழினி."

காற்று மட்டும் ஒலிபெருக்கியில் இரைந்தது. பிறகு:

"செரிங்க. அப்பக் காத்திருக்கறேன். சாப்பிடுங்க."

ஞாயிறு, நேரம் பார்க்கவில்லை

காத்திருக்கிறேன் என்றாள். திட்டியிருந்தால்

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் எழுந்து

ஜிலேபி பக்கத்தில் வந்து படுத்திருக்கிறது. அசை போடும் சத்தம். நானும் வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறேன், எவ்வளவு நேரமாக என்று

யாழினி, இதைப் படித்தால்

கண்காணி: வாராந்திர மின்செலவு அறிக்கை, ஞாயிறு

குளிர்விப்புச் செலவு வழக்கத்தைவிட அதிகம். காரணம்: மனிதர் வாசல் கதவின் பூட்டு செவ்வாய் பிற்பகல் பழுதானது. கதவு அப்போதிருந்து திறந்தே உள்ளது. எண் 61 இருமுறை வெளியே சென்றது. இருமுறையும் தானாகவே உள்ளே திரும்பியது.