வாஷிங் மெஷினுக்குள் மோட்டார்

4 ஆகஸ்ட் 2025
இன்று தண்ணீர் நாள், நாலு நாளுக்கு ஒருமுறை. வழக்கம்போல எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் அரை மணி நேரம் உறுமியது. மெஷின் செத்து மூன்று வருஷம். கூட்டுக்குள் இருப்பது தெருக்குழாயிலிருந்து உறிஞ்சுகிற மோட்டார். யோசனை என்னுடையதுதான். என் மனைவி ஃபரீனுக்கு அதில் பெருமையா வெட்கமா, இன்னும் தெரியவில்லை. தெருக்கோடி வீட்டுக் கொளஞ்சியம்மாள் அக்கா கேட்டார்: “இன்னா ஜுல்பிகர் பாயி, தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் துணி அழுக்காவுதா?” இளித்து வைத்தேன்.

6 ஆகஸ்ட்
தெருமுனைக் குழாயில் சிம் கார்டு போட்ட கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு என்று, தண்ணீர் திறந்துவிடும் நாராயணசாமியின் போனுக்கே போய்விடுமாம். கள்ளக்குறிச்சியும் ஸ்மார்ட் ஆகிறது. மோட்டார் வைத்திருப்பதாக நாலு பேர் பெயரை டீக்கடையில் நானே அவிழ்த்துவிட்டு வந்தேன். எதற்கும் இருக்கட்டும்.

8 ஆகஸ்ட்
மோட்டார் போட்டேன். இருபது நிமிஷம்தான். வாசலையே பார்த்துக்கினு.

10 ஆகஸ்ட்
கொளஞ்சி அக்காவுக்கு வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறுகிறது. குழாய்த் தண்ணியில் சாக்கடை வாடை அடித்தது என்றாள் மகள் நர்மதா. போய்ப் பார்த்தேன். தெருவையே கிழிக்கிற வாய் — காய்ந்து, மூடிக் கிடந்தது.

11 ஆகஸ்ட்
நாராயணசாமி போனைக் காட்டினார். எட்டாம் தேதி, நேராக வந்த கோடு ஆறே கால் மணிக்குக் குப்புற விழுந்து, இருபது நிமிஷம் கழித்து எழுகிறது. என் இருபது நிமிஷம்.
“யாரோ மோட்டார் வெச்சு இழுக்கறாங்க பாய். அழுத்தம் போயிட்டா, ஓட்டை இருக்கற எடத்துல சாக்கடைத் தண்ணி உள்ள பூந்துடும்.”
எந்த வீடு என்று தெரியுமா என்றேன்.
“அது கருவிக்குத் தெரியாது.”
தப்பிச்சேன்னு சந்தோஷப்படணும் இல்ல? அக்காவுக்கு ஏதாவது ஆயிட்டா — யா அல்லா, கருவிக்குத் தெரியலன்னா இன்னா, எனக்குத் தெரியுமே.

12 ஆகஸ்ட்
தண்ணீர் வருவதற்கு முன்னால் மோட்டாரைக் கழற்றினேன். ஃபரீன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள்.

16 ஆகஸ்ட்
குழாய் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் நூலாக வந்தது. மூன்று குடம் நிரம்ப ஒரு மணி நேரம். தெருக்கோடிக்குப் போனேன். அக்கா திரும்பி வந்திருந்தார், பாதி உடம்பாக. அவர் குழாய் முன்போல் சொட்டவில்லை; குடம் வழிந்துகொண்டிருந்தது.
“இன்னா பாயி, இன்னைக்குத் துணி துவைக்கலியா?”
“மெஷினைத் தூக்கிப் போட்டுட்டேன்க்கா.”
அவர் சிரிக்கவில்லை. வழிகிற குடத்தையே பார்த்துக்கினு இருந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தேன். அவர் அடுத்த குடத்தை என் பக்கம் நகர்த்தினார்.