மோர் குடித்த கோழிகள்

அக்கா,

கோடு வந்துவிட்டது! இப்போதுதான், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிசிஆர் மெஷினின் திரையில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறத்தில் கோடுகள் எழுந்தன. பச்சை உங்களுடையது. என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஆய்வகத்தில் யாரும் இல்லாத தைரியத்தில் ஒரு குதி குதித்தேன். சார் மீட்டிங்கில் இருக்கிறார். அவர் வெளியே வருவதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இந்த மெஷினை முதல்முதலில் பார்த்தபோது குனிந்து, நிமிர்ந்து, பின்பக்கம் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள கோழி எங்கம்மா இருக்குது?" என்று கேட்டீர்கள். கோழியின் நெஞ்சுத் தசையில் ஒரு துளி எடுத்து உள்ளே வைப்போம் என்றேன். தசையை 'வளர்' என்று தூண்டுகிற மரபணு ஒன்று, 'போதும், நிறுத்து' என்று பிரேக் போடுகிற மரபணு ஒன்று, இரண்டில் எது அதிகம் பேசுகிறது என்று இந்த மெஷின் காட்டும் என்று விளக்கினேன். கோடு சீக்கிரம் எழுந்தால் அதிகம் பேசுகிறது, தாமதமாக எழுந்தால் குறைவு. நீங்கள் சிரித்தீர்கள். "அம்மாவும் மாமியாரும்னு சொல்லேன்." அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் பிரேக் மரபணுவுக்கு மாமியார் என்றே பெயர். நெஞ்சுக் கறியின் ருசிகூடத் தெரியாத ஒருத்தி அதன் எடையை மில்லிகிராம் வரை எழுதுகிறாள் என்று என்னையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. முட்டைகூட வாசல் தாண்டி வராத வீட்டில் பிறந்தது என் குற்றமா?

முதல் சோதனை நினைவிருக்கிறதா? ஷெட்டில் கம்பிவலை போட்டு இரண்டு அடைப்புகள். ஒன்றில் வெறும் தீவனம். இன்னொன்றில் அதே தீவனத்தோடு நல்ல பாக்டீரியாக்கள், அதாவது புரோபயாட்டிக் பொடி. ஆறு வாரம் கழித்து எடை போட்டால் இரண்டும் ஒன்றுபோல. தசையைச் சோதித்தால் மரபணுவும் ஒன்றுபோல. வெறும் தீவனக் கோழிகள் வழக்கத்தைவிட நன்றாகவே கொழுத்திருந்தன என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பொடியால் பயனில்லை, திட்டத்தை மூடிவிடலாம் என்று சார் சொல்லிவிட்டார். அதோடு என் ஒப்பந்த வேலையும் போகும், உங்கள் தினக்கூலியும் போகும்.

தொங்கிய முகத்தோடு ஷெட்டுக்கு வந்தேன். நீங்கள் உமியைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னா மேடம், மூஞ்சி இப்படி இருக்குது?"

"ரெண்டு பக்கமும் ஒரே வெயிட்டு அக்கா. பொடி வேலை செய்யல."

"யாரு சொன்னது? பொடி வேலை செஞ்சுது. எங்க பசங்களும் சளைச்சவங்க இல்ல, அவ்ளோதான். டெய்லி மோர் குடுத்தேன்ல?"

என்ன பெருமை உங்கள் முகத்தில்! அடுகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி, பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வீட்டு மோரை எடுத்துவந்து, பொடி கிடைக்காத கோழிகளின் தண்ணீரில் கலந்து ஊற்றியிருக்கிறீர்கள். நாங்கள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக் கலந்த பாக்டீரியாவின் சொந்தக்காரர்கள்தான் உங்கள் மோரிலும் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த அடைப்பே என்று நூறு முறை சொன்னேனே, புத்தி இருக்கிறதா என்று கத்தினேன். என் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்ததற்கு இன்றைக்கும் கூசுகிறது. நீங்கள் கோபப்படவில்லை.

"ஒரே பந்தில ஒரு வரிசைக்கு மட்டும் பாயசம் போட்டா, மத்தவங்க எலையப் பாத்துக்கினு குந்தியிருப்பாங்களா? எனக்கு மனசு கேக்கல கண்ணு."

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கோழைத்தனம். இரண்டு நாள் சாரிடம் வாயே திறக்கவில்லை. சொன்னால் உங்களை வேலையை விட்டு அனுப்புவார், கவனிக்காமல் விட்டதற்கு என்னையும் பிடித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் பொய்யான அறிக்கை போகும். மூன்றாம் நாள், சரி சொல்லிவிடுவோம் என்று ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு அவர் அறைக் கதவைத் தள்ளினால், மேசை முன்னால் நீங்கள் நிற்கிறீர்கள்.

"நான்தான் சார் ஊத்துனது. மேடத்துக்கு ஒண்ணும் தெரியாது."

சார் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தி, "எஷ்டு?" என்றார். எவ்வளவு என்று கேட்கிறார்! நீங்களும் சளைக்காமல் கன்னடத்திலேயே சொன்னீர்கள்: ஒரு டம்ளர் மோருக்குப் பத்து டம்ளர் தண்ணீர், தினமும் காலையில் தண்ணீர் மாற்றும்போது, ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. சார் ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். என் குறிப்பேட்டில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது அக்கா, அதில் இரண்டு ஞாயிறு விட்டுப்போயிருக்கிறது.

அப்படித்தான் மூன்றாவது அடைப்பு வந்தது. வெறும் தீவனம் ஒன்று, பொடி ஒன்று, உங்கள் மோர் ஒன்று. இதுதான் கடைசி வாய்ப்பு என்றார் சார். ஒரே நிபந்தனை: தசையை எடுக்கும்வரை முதல் அடைப்புக்குள் ஒரு சொட்டு மோர் போகக் கூடாது. போனால் எல்லாம் முடிந்தது. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்கள், நன்றாக வலிக்கும்படி.

நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் அடைப்பைத் தாண்டும்போதெல்லாம் சண்டைபோட்ட சொந்தக்காரர் வீட்டைக் கடப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவீர்கள். "அந்தப் பக்கம் பாத்தா கை தானா போயிடும்." ஓசூர் ரோட்டில் தண்ணீர் தேங்கி பஸ் நின்றுபோன அன்றுகூட, முழங்கால்வரை நனைந்து, பாட்டிலை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ஒன்பதுக்கெல்லாம் வந்து நின்றீர்கள்.

இப்போது கேளுங்கள். மாமியார் இருக்கிறாரே, முதல் அடைப்பில் சிவப்பாகச் சீக்கிரமே எழுந்துவிட்டார். பொடிக் கோழிகளில் தாமதம். உங்கள் கோழிகளிலும் தாமதம்! பச்சையும் நீலமும் ஒட்டிக்கொண்டே போகின்றன. அம்மா மரபணு நேர் எதிர், உங்கள் பக்கம் கலகலவென்று பேசுகிறாள். எடையில் பொடிக் கோழிகள் ஒரு பிடி கூடுதல்தான், மறைக்க மாட்டேன். ஒரு சோதனையை வைத்து எல்லாம் முடிந்தது என்றும் சொல்லமாட்டேன், இன்னும் பலமுறை செய்துபார்க்க வேண்டும். செய்வோம்! திட்டத்தை இனி யாரும் மூட முடியாது. பொடி வாங்க முடியாத அத்திபெலே பக்கத்துச் சின்னப் பண்ணைக்காரர் ஒருவர் மோர்ப் பாட்டிலோடு கோழிக்கொட்டகைக்குள் போவதை இப்போதே நினைத்துப் பார்க்கிறேன். திரும்பத் திரும்பத் திரையைப் பார்க்கிறேன், கோடு மாறவில்லை.

கடைசி நாள் காலையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கோழிகளை அறுத்துத் தசை எடுக்க ஒரு மணி நேரம்தான் இருந்தது. எடை எல்லாம் போட்டு முடித்திருந்தோம். மூன்றாவது அடைப்புக்கு ஊற்றியது போக ஒரு டம்ளர் மோர் மீதி. அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் அடைப்பின் முன்னால் நின்றீர்கள். ஆறு வாரத்தில் அன்றுதான் அவற்றை நேராகப் பார்த்தீர்கள்.

"இன்னும் ஒரு மணி நேரந்தானே மேடம். போற நேரத்துலயாவது இதுங்களுக்கு ஒரு வாய் ஊத்தட்டுமா?"

"வேண்டாம் அக்கா."

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அடுத்த மாதம் உங்களுக்கு வந்த காய்ச்சல் நான்காம் நாளே உங்களைக் கொண்டுபோய்விட்டது. தசைகள் அப்போது இங்கே ஃப்ரீசரில் உறைந்து கிடந்தன.

அந்த ஒரு வாய் மோரால் கோடு ஒரு நூல்கூட நகர்ந்திருக்காது என்றுதான் இன்று தோன்றுகிறது. ஊற்றவிட்டிருக்கலாம். ஆனால் இதோ, மீட்டிங் முடிந்த சத்தம் கேட்கிறது. சார் வந்து திரையைப் பார்த்ததும் முதலில் ஒன்றைத்தான் கேட்பார்: அந்த அடைப்புக்குள் ஒன்றும் போகவில்லையே? ஒரு சொட்டுகூட இல்லை சார் என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். சொல்லும்போது குரல் உடையாமல் இருக்கவேண்டும் அக்கா.