நர்சரியில் கேட்ட கேள்வி

பொன்னுராஜின் அப்பாவுக்கு,

மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் படுத்துவிடாதீர்கள். சட்டியில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் பிள்ளையை நர்சரிக்குக் கூட்டிப்போங்கள். பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் இருக்கிறான்.

பால்வாடியே போதும் என்று நான் சொன்னதற்கு ரெண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை நீங்கள். உங்கள் ஆசைப்படி நேற்று நர்சரிக்குத்தான் போனேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த ஏ பி சி டியை ஒப்பித்தான். டீச்சர், "ஒங்கப்பா பேரு என்னடா?"ன்னு கேட்டாக. "ஏங்க"ன்னு சொல்லிட்டான். நான் கூப்பிடுவதைத்தானே கேட்டிருக்கிறான்? டீச்சர் என்னைப் பார்த்தார்கள். நான் எப்படிச் சொல்ல? "நாளைக்கு அவுகளையே வரச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டாக.

வரும் வழியில் பால்வாடிக்கும் போனேன். அங்கே, "சாப்ட்டியாடா?"ன்னு மட்டும்தான் கேட்டாக.

எதில் சேர்ப்பது என்பது உங்கள் இஷ்டம். நான் பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிறேன்.

பரிபூரணம்

சட்டையை மாற்றிக்கொண்டு போங்கள். தலையெல்லாம் பஞ்சாக இருக்கும்.

காலையில் குளிப்பாட்டும்போது உங்கள் பேரை நானே வாய்விட்டுச் சொல்லிப் பழக்கிவிட்டேன். குருவம்மாளுக்கும் கேட்டிருக்கும். டீச்சர் முன்னால் அவன் முழித்தால் "வைகுண்ட" என்று எடுத்துக்கொடுங்கள். மீதியைச் சொல்லிவிடுவான்.