ஆரஞ்சுத் தாளில் ஐந்து விரல்

அன்புள்ள சம்பந்தியம்மா,

அன்புள்ள என்று போட்டதற்காக மேலேயிருந்து முகத்தைச் சுளிக்காதீர்கள். போனவர்களுக்கு எழுதினால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். இருந்தவரை நாம் இரண்டு பேரும் அந்த வார்த்தையை ஒருவர்மேல் ஒருவர் வீணாக்கியதில்லை.

முதலில் சேதி. உங்கள் கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டது. விஜயவாடாப் பக்கத்து அம்மா, குறட்டையில் உங்களுக்கு அக்கா. ஜன்னலோரம் அவளுக்குத்தான். சாயங்காலமானால் ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனி நாற்றம் அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும் என்று தெரிந்தும், மாப்பிள்ளை வீட்டுக்காரி என்ற மிதப்பில் அடம்பிடித்து வாங்கினீர்களே, அதே ஜன்னல். இப்போது அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

உங்கள் பிள்ளை ரமேஷுக்கு என் பெண் உமாவைக் கொடுத்த நாளிலிருந்து நமக்குள் ஆகாது. கல்யாணப் பந்தியில் பாயசத்தில் முந்திரி இல்லை என்று பாதியில் எழுந்து போனவர் நீங்கள். பெண்ணைப் பெற்றவள் என்பதால் நான் பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அந்தக் கையை நீங்கள் உதறியது இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் அவர்கள் அமெரிக்கா போனார்கள், நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் மேலே போனார்கள். "ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பீங்க" என்று சொல்லி நம்மை ஒரே முதியோர் ஹோமில், ஒரே ரூமில் சேர்த்துவிட்டார்கள். பாம்பையும் கீரியையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு இரண்டும் கொஞ்சிக் குலாவும் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

கொஞ்சவில்லை. ஆனால் வேறு யாரோடு சண்டை போடுவது? இருப்பவளோடுதானே போட முடியும்.

புதன்கிழமைக் கைவேலை வகுப்பு இன்னும் நடக்கிறது, சம்பந்தியம்மா. அந்தச் சுனிதாப் பெண் கலர் அட்டையும் பசையும் தூக்கிக்கொண்டு வருகிறாள். கத்தரிக்கோல் இன்னமும் அந்த நுனி மழுங்கிய பிள்ளைக் கத்தரிக்கோல்தான். கூரானதை நம்மை நம்பிக் கொடுக்கமாட்டார்கள். இலையுதிர் காலம் என்று அவள் போனில் படம் காட்டிய அன்று நீங்கள் போட்ட கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரில் உகாதிக்கு முன்னால் பங்குனியில்தானே வேம்பு இலையைக் கொட்டும்?

"ஐப்பசியில ஏதும்மா இலை உதிரும்? எனக்கு ஆரஞ்சு நக்கோ, வேணாம், பச்சை அட்டை குடு" என்றீர்கள்.

"கிரீன் வத்து ஆன்ட்டி, இது ஃபால் தீம்" என்று பச்சையைத் தெலுங்கில் மறுத்தாள் அவள்.

கடைசியில் காகிதப் பூசணிக்காய் செய்யச் சொன்னபோது பழி வாங்கினீர்கள். அவள் கேட்டது அழகான வெளிநாட்டுப் பூசணி. நீங்கள் அதற்கு முறுக்கு மீசையும் பல்லும் முழியும் வரைந்து, திருஷ்டிப் பூசணியாக்கி நம் கதவில் மாட்டினீர்கள். கண் படுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஹவ், அதுவும் சரிதான்" என்று ஆமாம் போட்டீர்கள். ஆனால் கழற்றவில்லை.

அந்த வாரம்தான் ஹால் சுவரில் பெரிய மரம் செய்தோம். பழுப்புக் காகிதத்தில் அடிமரமும் கிளைகளும். இலைக்கு நம் கைகள். அவரவர் இடது கையை அட்டையில் விரித்து வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, வெட்டி ஒட்டினோம். நம் ரூமுக்கு ஒரே ஆரஞ்சு அட்டை, அதில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. பெயரை முன்னால் எழுதினால் அழகு கெட்டுவிடும் என்று பின்பக்கம் எழுதச் சொன்னாள்.

உங்கள் சுண்டுவிரலை வரையத்தான் அவள் திண்டாடிப்போனாள். பாதியில் மடங்கி வெளிப்பக்கமாகப் போகிற விரல். அவள் அதை நேராக்கி வரையப் போனாள், நீங்கள் விடவில்லை. "அப்படியே வரை. அது என் பிள்ளை குடுத்த விரல்" என்றீர்கள். காஜிப்பேட்டை ஸ்டேஷனில் ரமேஷ் வாழைப்பழத்துக்கு அழுது, நீங்கள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வாங்கும்போது ஷட்டர் விழுந்த கதை. எலும்பு உடைந்தும் பழத்தைக் கீழே விடவில்லை என்று முடிப்பீர்கள். புதன் தவறாமல் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த விரல் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

பிறகு நீங்கள் போனீர்கள். காலையில் காபிக்கு எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. எதிலும் முந்திக்கொள்ளும் பழக்கம், இதிலும் விடவில்லை.

ரமேஷ் வரவில்லை. விசா பிரச்சினை, வந்தால் திரும்பிப் போக முடியாதாம். கொள்ளியை ஹோம் மேனேஜர் வைத்தார், சுனிதா போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். நடுவில் நெட் போய்விட்டது.

காரியம் முடிந்த அன்று அவன் என்னைப் போனில் கூப்பிட்டான். பக்கத்தில் உமா. அழுதழுது இரண்டு முகமும் வீங்கியிருந்தது. பொய் அழுகை என்று சொல்லமாட்டேன்.

"அத்தை, அம்மா கடைசியா செஞ்ச அந்த மரத்தைக் காட்டுங்களேன். அம்மாவோட இலையை ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டணும்."

கேட்டதும் எனக்குள் ஒரு குரூரம் வந்து உட்கார்ந்தது. போனைச் சுவருக்கு நேராகப் பிடித்தேன்.

"நீங்களே கண்டுபிடிங்க மாப்பிள்ளை. உங்களைத் தூக்கி வளர்த்த கைதானே?"

மெதுவாக ஒவ்வொரு கிளையாகக் காட்டினேன். உங்கள் கை அடிக்கிளையில், சுண்டுவிரலைக் கோணிக்கொண்டு, பளிச்சென்று தெரிந்தது. குருடனுக்கும் தெரியும். அதன்மேல் போனைக் கொஞ்சம் நிறுத்திக்கூடப் பார்த்தேன். அவன் கண் தாண்டிப் போய்விட்டது.

"மேல் கிளையில நீட்டா இருக்கே, அதுதானே அத்தை? அம்மாவுக்கு எப்பவும் எல்லாம் நீட்டா இருக்கணும்."

அது என் கை, சம்பந்தியம்மா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எலும்பு உடைந்தும் பழத்தை விடாதவளுக்கு வாய்த்த பிள்ளையைப் பார் என்று நினைத்தேன். முந்திரிக்கும் பாயசத்துக்கும் சேர்த்து அன்றைக்குக் கணக்குத் தீர்ந்தது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பேன். வாயைத் திறக்கத்தான் போனேன்.

அதற்குள் உமா எட்டிப் பார்த்தாள். "ஆமாம்மா, அது அத்தை கைதான். பார்த்தாலே தெரியுதே. பத்திரமா எடுத்து அனுப்பும்மா" என்றாள்.

என் பெண். பிறந்தபோது நர்ஸே சொன்னாள், அம்மா கையை அச்செடுத்த மாதிரி இருக்கிறது என்று. நீண்ட விரல்கள், பின்னால் வளைகிற கட்டைவிரல். அதே கையால்தான் முடியை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள், பார்த்தாலே தெரியுதே என்று.

"சரிம்மா" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். உங்களுக்காக அழவில்லை, அந்தப் பெருமை உங்களுக்கு வேண்டாம்.

என் கையைத்தான் கழற்றி அனுப்பினேன். பின்பக்கம் லோகநாயகி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் அழிக்கவில்லை. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், உடனே போன் வரும், அப்போது அசலை அனுப்பிக்கொள்ளலாம் என்று உங்களிடம் மனசுக்குள் பந்தயம் கட்டினேன். பிள்ளை பார்ப்பானா, பெண் பார்ப்பாளா?

நேற்று போட்டோ வந்தது. கண்ணாடி போட்ட ஃப்ரேம், சந்தன மாலை, கீழே உங்கள் பெயர், முன்னால் விளக்கு. உங்கள் பிள்ளை கெட்டிக்காரன், நாலு பக்கமும் பசை போட்டு அட்டையில் ஒட்டியிருக்கிறானாம். பேரனும் பேத்தியும் தினமும் என் கையைப் பாட்டி என்று கும்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போகிறார்களாம்.

பெண்ணைக் கொடுத்தவள் வந்து தங்குவது மரியாதையில்லை என்று அந்த வீட்டு வாசலை மிதிக்க விடாமல் பார்த்துக்கொண்டீர்களே. இப்போது நடு ஹாலில் இருக்கிறேன். கோபமா? ஒரு தரம் வந்து ஹவ் என்று சொல்லிவிட்டுப் போங்களேன்.

உங்கள் கை என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் சங்கராந்திக்கு அந்தச் சுவருக்குக் காகிதப் பட்டம் செய்யப்போகிறோம், மரத்தைக் கிழித்துப் போடுவார்கள் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு உரித்து எடுத்துவிட்டேன். என் தலைமாட்டில் குண்டூசியில் மாட்டியிருக்கிறேன். பசை போடமாட்டேன், இது சத்தியம். தினமும் ஒரு தரம் திருப்பிப் பார்த்து, சரோஜா என்று வாய்விட்டுப் படிப்பேன். அந்தச் சுண்டுவிரலை நான் இருக்கும்வரை யாரையும் நிமிர்த்த விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் சம்பந்தி,
லோகநாயகி